வாசிகசாலையில் ஒரு தேர்தல் மாதம்

2024 ஓகஸ்ட் 15ஆம் திகதி வேட்புமனுத் தாக்கல் முடிந்தது. அன்றிலிருந்து செப்டெம்பர் 21ஆம் திகதி வாக்களிப்பு வரை எங்கள் ஊர் வாசிகசாலையில் கதைக்க வேறு விஷயம் இருக்கவில்லை. வலிகாமத்துச் செம்மண் ஊர் எங்களது. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு வருபவர்கள், சவாரி கிடைக்கும்வரை ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வருபவர்கள், மேசன் வேலைக்குப் புறப்பட முன் பேப்பரைப் புரட்டுபவர்கள், என்னைப்போல ஓய்வூதியக்காரர்கள் என்று எல்லோரும் அந்த இரண்டு நீள மேசைகளைச் சுற்றித்தான் இருப்போம். ஒருவர் தலையங்கத்தை உரத்து வாசிப்பார். இரண்டாவது பந்தி முடிவதற்குள் விவாதம் தொடங்கிவிடும்.

அரசியல் கதைப்பதில் எங்கள் ஊருக்கு நீண்ட பழக்கம் உண்டு. நான் முதன்முதலாக வாக்களித்தது 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி. நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தலும் அதுதான். வாக்குச்சீட்டில் ஆறே ஆறு பெயர்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி அந்தத் தேர்தலில் போட்டியிடவில்லை. பங்குகொள்ளத் தேவையில்லை என்றது. குமார் பொன்னம்பலம் சைக்கிள் சின்னத்தில் நின்றார். ஜே.ஆர். ஜெயவர்த்தனாவை எதிர்த்து ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியில் ஹெக்டர் கொப்பேகடுவ நின்றார்.

என் ஐயா வெங்காயச் செய்கைக்காரர். அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் கொப்பேகடுவ என்றால் ஒரு தனி மதிப்பு. 1970க்கும் 77க்கும் இடையில், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. தோட்டக்காரன் கல்வீடு கட்டியதும் மகளுக்குச் சீதனம் சேர்த்ததும் அந்த வருசங்களில்தான். அந்த அரசாங்கத்தில் விவசாய அமைச்சராக இருந்தவர் அவர். இன்னொரு பக்கத்தில், அதே அரசாங்கம்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது, 1972இல் புதிய அரசியலமைப்பையும் கொண்டுவந்தது என்று படித்த பொடியள் வாதாடினார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே தகப்பன் ஒரு பக்கம், மகன் மறுபக்கம். முடிவு வந்தபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலிடத்துக்கும் கொப்பேகடுவ இரண்டாமிடத்துக்கும் வந்தார்கள். நாட்டை வென்ற ஜே.ஆர். அங்கே மூன்றாமிடம். கூட்டணி சொன்னதைக் கேட்டு எல்லோரும் வீட்டில் இருந்துவிடவில்லை என்பதை அந்த எண்ணிக்கை காட்டியது. கட்சி சொன்னதைக் கேட்டுக்கொண்டாலும் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுப்பார்க்கிற சனம் இது என்ற நம்பிக்கை அன்றைக்கு எனக்குள் விழுந்தது.

அந்தப் பழக்கம் அறுந்துபோன ஒரு தேர்தலையும் பார்த்தேன். 2005 நவம்பர் 17. புறக்கணிப்பு என்று அறிவிக்கப்பட்டது. மீறுவதற்கு ஆருக்கும் துணிவிருக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தேருநர் இடாப்பில் இருந்தார்கள். வாக்களித்தவர்கள் 8,524 பேர். நூற்றுக்கு 1.2. அந்த வாரங்களில் வாசிகசாலையில் பேப்பர் வாசித்தோம், மடித்து வைத்தோம், எழும்பிப் போனோம். மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 1,80,000க்குச் சற்றுக் கூடிய வாக்குகளால். செல்லுபடியான வாக்குகளில் பாதியைத் தாண்ட அவருக்குக் கிடைத்த மிகுதி ஏறக்குறைய 28,000தான். அந்த 28,000 இல்லாமல் போயிருந்தால் நாட்டின் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்திருக்கும். ஏழு இலட்சம் பேர் வீட்டில் இருந்த தேர்தல் அது. எது நல்லதாக முடிந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விவாதிக்கக்கூட இடமில்லாமல் ஒரு முடிவு எங்கள் தலையில் வைக்கப்பட்டது என்ற வலி இன்றைக்கும் ஆறவில்லை. அதனால்தான் 2024இல் அந்த மேசையைச் சுற்றிக் குரல்கள் உயர்ந்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. சத்தம் கூடிவிட்டது என்று சிலர் முகம் சுளித்தார்கள். சத்தம் இல்லாத தேர்தல் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

அந்த மாதம் எங்கள் மேசையில் பலவிதமான நியாயங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வாழ்க்கை இருந்தது.

ஓட்டோ ஓட்டும் தம்பி ரணிலின் சிலிண்டர் சின்னத்துக்கு. “2022ல பெற்றோல் செற்றில ரண்டு இரவு படுத்தவன் நான். கியூஆர் வந்தாப் பிறகுதான் அண்ணை நான் வீட்டில படுத்தனான். அதை மறக்கச் சொல்லுறியளோ?” என்பான். அவனுக்குப் பதில் சொல்வது இலேசல்ல. மேசன் வேலை செய்யும் இன்னொரு தம்பிக்கு அனுர குமார திசாநாயக்கவின் திசைகாட்டி. மாறி மாறி ஆண்ட குடும்பங்களைத் தூக்கி எறிய இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்பது அவன் பக்கம். சஜித் பிரேமதாசவின் தொலைபேசிக்கு நின்றவர்கள், வெல்லக்கூடியவர்களில் பதின்மூன்றாவது திருத்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர் அவர் என்றார்கள். செப்டெம்பர் 1ஆம் திகதி தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்த பிறகு அவர்கள் குரல் இன்னும் உரத்தது. ஆனால் அதே கட்சியைச் சேர்ந்த முன்னாள் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். எங்கள் ஊர் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா சங்குக்கு. “வெல்லுறதுக்காக இல்லை, தம்பி. நாங்கள் இன்னும் இருக்கிறம், எங்கட பிரச்சினை இன்னும் இருக்கு எண்டு சொல்லுறதுக்கு ஒரு வாக்கு வேணும்” என்பது அவர் வாதம். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி சொன்னதுபோல் புறக்கணிப்பதே சரி என்று நின்ற ஒருவரும் இருந்தார். ஒற்றையாட்சிக்குள் எவர் வந்தாலும் ஒன்றுதான் என்பார். நாற்பது வருசக் கதையை வருசம் பிசகாமல் சொல்லுவார்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. எவரும் எவரையும் மாற்றவில்லை. காலையில் தொடங்கிய இடத்தில்தான் பின்னேரமும் நின்றோம்.

மாற்றம் ஒரு கேள்வியில் தொடங்கியது. திசைகாட்டித் தம்பியைப் பார்த்து தோட்டக்கார அண்ணை ஒருவர் கேட்டார்.

“உவர் பாராளுமன்றத்தில மூண்டு சீற்றோட இருக்கிறவர். வந்து என்ன செய்யப்போறார்?”

“கலைப்பார்.”

“நினைச்ச உடன கலைக்க ஏலுமோ?”

தம்பிக்குப் பதில் தெரியவில்லை. மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கச்சேரியில் முப்பது வருசத்துக்கு மேல் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பர்தான் சொன்னார். பாராளுமன்றம் தெரிவாகி முதற்கூட்டம் நடந்து இரண்டரை வருசம் தாண்டினால் ஜனாதிபதி கலைக்கலாம். அப்போதிருந்த பாராளுமன்றம் 2020 ஓகஸ்டில் தெரிவானது, காலம் தாண்டிவிட்டது. ஆகவே எவர் வந்தாலும் மறுநாளே கலைக்க முடியும்.

அதோடு நிற்கவில்லை. “அப்ப ரணில் வாக்கே இல்லாமல் எப்பிடி ஜனாதிபதியானவர்?” என்று அடுத்த கேள்வி வந்தது. 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டுப் போய்ப் பதவி துறந்தபோது, மிச்சக் காலத்துக்கு ஒருவரைப் பாராளுமன்றமே தெரிவு செய்யும்படி அரசியலமைப்பு சொல்கிறது, ஜூலை 20இல் 134 வாக்குகளோடு அவர் தெரிவானார் என்று நண்பர் விளக்கினார். இரண்டு வருசமாக அது ஏதோ திருகுதாளம் என்று நம்பியிருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். விளக்கத்தைக் கேட்டும் அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருப்பதற்குரிய சரியான காரணம் அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கிடைத்தது: “அப்ப அந்தச் சட்டத்தையெல்லோ மாத்தவேணும்!”

மறுநாள் நண்பர் ஒரு பழைய கலண்டர்த் தாளைக் கொண்டுவந்தார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் பெரிய மாதத்தாள். அதில் அடிமட்டம் வைத்து நான்கு நிரல் கீறினார். முதல் நிரலின் தலையில் ‘ஒரு கையெழுத்து’ என்று எழுதினார். இரண்டாவதில் ‘சாதாரண பெரும்பான்மை’. மூன்றாவதில் ‘மூன்றில் இரண்டு: 150’. நான்காவதில் ‘150 + சர்வசன வாக்கெடுப்பு’. பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு, “ஆர் ஆர் என்னென்ன வாக்குறுதி தந்தவை எண்டு சொல்லுங்கோ, போடவேண்டிய இடத்தில போடுவம்” என்றார்.

அந்த ஒரு தாள் எங்கள் தேர்தலை மாற்றியது என்று நான் தயக்கமில்லாமல் சொல்வேன். வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருக்கும் காணிகளை விடுவது முதலாவது நிரலுக்குப் போயிற்று. முப்படைகளின் தளபதி ஜனாதிபதி. அவர் மனம் வைத்தால் சட்டத்திருத்தம் தேவையில்லை. மாகாண ஆளுநரை நியமிப்பதும் அவர் கையில். மாகாணசபைத் தேர்தல் இரண்டாவது நிரலுக்கு. வடமாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையைத் திருத்தி, எல்லை நிர்ணயத்தை முடிக்காமல் விட்டதால் தேர்தல் முடங்கிக் கிடந்தது. பழைய முறைக்குத் திரும்பப் பாராளுமன்றத்தில் சாதாரண பெரும்பான்மை போதும். நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற பழைய வாக்குறுதி, 1994இலிருந்து நாங்கள் கேட்டுவரும் அந்த வாக்குறுதி, நான்காவது நிரலில் ஏறியது. ஒற்றையாட்சியை மாற்றுவதும் அங்கேதான்.

தாள் நிரம்ப நிரம்ப விவாதத்தின் தன்மையே வேறாயிற்று. “உவர் நல்லவர், அவர் கள்ளன்” என்பது குறைந்தது. “காணியை விடுறதுக்கு நூற்றைம்பது பேர் வேண்டாம்தானே, இரண்டு வருசம் கதிரையில இருந்தவர் ஏன் முழுசா விடேல்லை?” என்று சிலிண்டர்த் தம்பியைப் பார்த்துக் கேட்டார்கள். “காணி, மாகாணசபை பற்றி உங்கட ஆள் திகதி போட்டு ஏதும் சொன்னவரோ?” என்று திசைகாட்டித் தம்பியிடம் கேட்டார்கள். “நாலாவது நிரலில இருக்கிறதை ஒரு ஜனாதிபதி தனியத் தரமாட்டார், அதை ஏன் இந்தத் தேர்தலில தேடுறியள்?” என்று அதிபர் ஐயாவிடமும் கேட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. “தரமாட்டார் எண்டு தெரிஞ்சுதான் நான் கேக்கிறன் எண்டதைப் பதியிறன்” என்றார். அந்தப் பதிலில் ஒரு நேர்மை இருந்தது. எதிர்த்தரப்பினரும் அதை மதித்தார்கள். புறக்கணிப்புக்காரரோ அந்தத் தாளை வைத்தே தன் வாதத்தை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டார்: நான்காவது நிரல் அசையாதவரை மற்ற மூன்றும் தற்காலிகம் என்றார். அவருக்கும் அது உதவிற்று. அறிவு எந்தப் பக்கத்துக்கும் எதிரி அல்ல என்பதை அங்கே கண்டேன்.

அடுத்த பிரச்சினை வாக்குச்சீட்டு. களத்தில் நின்றவர்கள் 38 பேர். சீட்டு இரண்டு அடிக்கும் மேல் நீளம். ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பு வாக்குப் போடலாம் என்பது 1982இலிருந்தே இருக்கிற முறை. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் எவராவது முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டதால் நாங்கள் எல்லோரும் ஒரு புள்ளடியோடு வாழ்ந்து பழகிவிட்டோம். நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் வாக்கெண்ணும் பணிக்குப் போயிருக்கிறேன். நிராகரிக்கப்படும் சீட்டுகளைப் பார்க்கும்போது வயிறு எரியும். மூன்று பேருக்கு மூன்று புள்ளடி போட்டவர், ஒருவருக்கும் 1 போடாமல் 2 மட்டும் போட்டவர், தன் பெயரை எழுதிக் கையொப்பமும் வைத்தவர். கையொப்பம் வைத்தவர் நேர்மையானவர். தான்தான் போட்டது என்று உறுதிப்படுத்தியிருக்கிறார். ஆனால் வாக்காளரை அடையாளம் காட்டும் எந்தக் குறியும் சீட்டைச் செல்லாததாக்கிவிடும்.

செப்டெம்பர் முதல் வாரத்தில் மாதர் சங்கக் கூட்டத்துக்கு நண்பரும் நானும் போனோம். வாசிகசாலையில் வந்து இருக்கும் வழக்கம் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இல்லை. ஆனால் தேர்தல் நாளன்று காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான். கட்சிப் பெயர் எதுவும் வேண்டாம் என்று மாம்பழம், பலாப்பழம், தேங்காய், பனங்காய், வாழைக்குலை என்று கலண்டர்த் தாளில் ஒரு சீட்டுக் கீறிக்கொண்டுபோனோம். எழுபது தாண்டிய ஆச்சி ஒருவர் முதலில் பேனையை வாங்கி, மாம்பழத்துக்கு நேரே ஒரு பெரிய புள்ளடி போட்டார்.

“சரி ஆச்சி, இது செல்லும். மாம்பழம் இல்லையெண்டால் பிறகு எது வேணும் உங்களுக்கு?”

“மாம்பழம் ஏன் இல்லாமல் போகுது?”

“ஆருக்கும் பாதிக்கு மேல கிடைக்கேல்லையெண்டால் முதல் ரண்டு பழத்தை மட்டும் வைச்சுக்கொண்டு மிச்சத்தை விலத்திப்போடுவினம். விலத்தின பழத்துக்குப் போட்ட சீட்டை எடுத்து, அதில ரண்டாவதா என்ன போட்டிருக்கு எண்டு பாப்பினம். மிஞ்சின ரண்டில ஒண்டுக்கு நீங்கள் 2 போட்டிருந்தால் அது அங்க சேரும். 2 போட்டதும் விலத்தின பழம் எண்டால் 3 ஐப் பாப்பினம்.”

ஆச்சி கொஞ்சநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புதுத்தாள் கேட்டு வாங்கி, நிதானமாக மாம்பழத்துக்கு 1, தேங்காய்க்கு 2, வாழைக்குலைக்கு 3 என்று எழுதினார். “அப்ப விருப்பத்துக்கு ஒண்டு, தேவைக்கு ஒண்டு போடலாம் எண்டு சொல்லுறாய்” என்றார். நாங்கள் அரை மணித்தியாலம் விளக்கியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். புள்ளடியையும் இலக்கங்களையும் ஒரே சீட்டில் கலக்கவேண்டாம் என்பதை மட்டும் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

ஆச்சி சொன்னதை வாசிகசாலையில் வந்து சொன்னபோது அதிபர் ஐயா யோசனையில் ஆழ்ந்தார். சங்குக்கா, வெல்லக்கூடியவருக்கா என்று ஒரு மாதமாக ஊர் இரண்டுபட்டு நின்றது. மனச்சாட்சிக்கு 1, கணக்குக்கு 2 என்று போட்டால் இந்தச் சண்டையில் பெரும்பகுதி தேவையே இல்லை. சங்குக்கு 1 போடுபவர் தனது செய்தியையும் சொல்லலாம், நாட்டை ஆளப்போகும் இருவரில் எவர் தேவலாம் என்பதிலும் தன் கையை வைக்கலாம். சட்டம் அந்த வழியை நாற்பது வருசத்துக்கு மேலாகத் திறந்து வைத்திருந்தது. நாங்கள்தான் அதைப் பார்க்காமல் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குப் போயிருந்தோம்.

தேர்தலன்று இரவு யாழ் மத்திய கல்லூரியில் எண்ணும் பணி நடந்தது. ஊரடங்குச் சட்டம் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்க விழித்திருந்தது. யாழ் மாவட்ட முடிவு வந்தது: சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, ரணிலுக்கு 84,558, அனுரவுக்கு 27,086. எங்கள் மேசையைச் சுற்றி இருந்த பிரிவினையை அப்படியே பெருக்கிவைத்ததுபோல் இருந்தது. நிராகரிக்கப்பட்டவை 25,353. அனுரவுக்குக் கிடைத்த வாக்குகளுக்குக் கிட்டத்தட்டச் சமனான தொகை எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் தவறுதலாக நடந்தது என்று சொல்ல முடியாது; வேண்டுமென்றே பழுதாக்கியவர்களும் இருப்பார்கள். ஆனால் வெயிலில் நின்று, சரி என்று நம்பிப் போட்டு, செல்லாமல் போனவர்களை நினைக்கத்தான் மனம் கனத்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல், வரலாற்றில் முதல் தடவையாக, இரண்டாம் எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது. அனுர 5,634,915 வாக்குகள், நூற்றுக்கு 42.31. சஜித் 4,363,035. பாதியை எவரும் தாண்டவில்லை. விலக்கப்பட்ட மற்ற எல்லா வேட்பாளர்களின் சீட்டுகளும் சேர்ந்து 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அனுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 வாக்குகள் சேர்ந்தன. இரண்டையும் கூட்டினால் 273,131. மிச்சம் 30 இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகள் இரண்டாம் எண்ணிக்கையில் எவருக்கும் சேரவில்லை. விருப்பு குறிக்காமல் விடுவது வாக்காளரின் உரிமை. இருவருமே வேண்டாம் என்று முடிவெடுத்து விட்டவர்களை நான் மதிக்கிறேன். அந்த 30 இலட்சம் பேரில் எத்தனை பேர் அப்படி முடிவெடுத்தார்கள், எத்தனை பேருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை? எனக்கு இது வாக்கு எண்ணிக்கையைவிடப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

புதிய ஜனாதிபதி 23ஆம் திகதி பதவியேற்றார்; மறுநாளே பாராளுமன்றத்தைக் கலைத்தார். வாசிகசாலையில் எவருக்கும் வியப்பில்லை. நவம்பர் 14ஆம் திகதிப் பொதுத்தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றும் அதற்கே. 150ஐத் தாண்டிவிட்டார்கள் என்று அறிந்ததும் தோட்டக்கார அண்ணை நேரே போய் அந்தப் பழைய கலண்டர்த் தாளை எடுத்து விரித்தார். “இனி மூண்டாவது நிரல் வரைக்கும் சாட்டுச் சொல்ல ஏலாது” என்றார். வென்றவர்களை வாழ்த்தவோ திட்டவோ அவர் நிற்கவில்லை. எதைக் கேட்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் குடியியற் கல்வி என்று ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், எழுதிச் சித்தியடைகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். வாக்களிக்கும் வயது வரும்போது கையில் இருப்பது வீட்டாரின் கட்சியும் போனில் வரும் காணொளியும்தான். தேர்தல்கள் ஆணைக்குழு விளம்பரம் செய்கிறது; ஆனால் அது வருவது கடைசி வாரங்களில், மேடைகளின் இரைச்சலுக்கு நடுவில். வேட்பாளர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில் ஆர்வம் இல்லை. தங்கள் பெயருக்கு 1 விழுந்தால் அவர்களுக்குப் போதும். ஆகவே இந்த வேலை வாசிகசாலைக்கும் மாதர் சங்கத்துக்கும் ஓய்வூதியம் வாங்கும் எங்களைப்போன்ற ஆட்களுக்கும் உரியது. இதற்குப் பணம் தேவையில்லை. கலண்டர்த் தாளும் ஒரு பேனையும் ஒரு பின்னேரமும் போதும்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல். அதுவரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. மாகாணசபைத் தேர்தல் எப்போது வந்தாலும் வரலாம். அதன் வாக்குச்சீட்டு வேறுவிதம், அதன் அதிகாரம் வேறு. இவ்வருசம் பதினெட்டு வயதாகும் பிள்ளைகளின் பெயர்கள் இடாப்பில் ஏறியிருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் போய்ப் பார்க்கவேண்டும். ஆருக்குப் போடப்போகிறாய் என்று அவர்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. எப்படிப் போடுவது, வென்றவர் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று சொல்லிக்கொடுக்கும் கடமை உண்டு. எங்கள் ஊரில் அந்தக் கடமையை எடுத்துக்கொள்ள இப்போது நாலைந்து பேர் இருக்கிறோம். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேராவது இருக்கவேண்டும்.